ரியோஹா சிவப்பு ஒயினில் எதை எடுப்பது?

ஸ்பெயினின் வடபகுதியில், ரியோஹா என்ற ஒயின் பகுதியைச் சேர்ந்த லோக்ரோன்யோ நகரில் ஒரு நல்ல ஒயின் கடைக்குள் சென்று, ரியோஹா சிவப்பு ஒயின்கள் அடுக்கிய சுவரின் முன் நிற்பவர் எதை எடுப்பது என்று தடுமாறுவது இயல்பே. ஊர்ப் பெயர், ஆலைப் பெயர், பிரபுக்களின் பட்டப்பெயர் என்று லேபிள்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது, கண்ணுக்கு எளிதில் பிடிபடுவது பாட்டிலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணிட்ட சிறிய சீட்டுதான். அப்பகுதியின் ஒழுங்குமுறைக் குழு வழங்கும் அந்தச் சீட்டு பச்சையாக இருந்தால் அது முதிர்வுக் கட்டுப்பாடு இல்லாத பொது ஒயின். சிவப்பாக இருந்தால் கிரியான்சா. கருஞ்சிவப்பாக இருந்தால் ரெசெர்வா. நீலமாக இருந்தால் கிரான் ரெசெர்வா. பச்சையிலிருந்து நீலத்துக்கு நகர நகர விலை கூடுவதால், இதை ரயிலின் சாதாரணப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, முதல் வகுப்பு என்ற வரிசையைப் போல எடுத்துக்கொண்டு, கைப்பணத்துக்கு எட்டிய மிக உயர்ந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். அப்படி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் குடித்துவிட்டு, இதற்கா இவ்வளவு விலை என்று கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒயினில் குறை இருக்காது. வரிசையைப் புரிந்துகொண்டதில்தான் பிழை.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சிவப்பு கிரியான்சா சந்தைக்கு வருமுன் குறைந்தது 2 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும். ரெசெர்வாவுக்கு 3 ஆண்டுகள். அதில் பீப்பாயில் ஓராண்டும் பாட்டிலில் ஆறு மாதமும் கட்டாயம். கிரான் ரெசெர்வாவுக்கு 5 ஆண்டுகள். பீப்பாயில் 2, பாட்டிலில் 2 என்பது குறைந்தபட்சக் கணக்கு. இந்த வகைப்பாட்டில் திராட்சை எந்தச் சரிவில் விளைந்தது, கொடிக்கு வயது என்ன, பழத்தைக் கையால் பறித்தார்களா இயந்திரத்தால் பறித்தார்களா என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதாவது நிறச்சீட்டு அளப்பது காலத்தை மட்டுமே. நடைமுறையில் ஆலைகள் தம்மிடம் வந்த நல்ல பழத்தையே நீண்ட முதிர்வுக்கு ஒதுக்குகின்றன என்பது உண்மைதான், ஏனென்றால் சத்தில்லாத ஒயினை ஐந்தாண்டு வைத்திருந்தால் அதில் மரமும் புளிப்பும்தான் மிஞ்சும். ஆனால் எந்த ஆலையின் நல்ல பழம், யாருடைய கணக்கில் நல்லது என்ற கேள்விக்குச் சீட்டில் விடை கிடையாது. ஒரு கவனமான ஆலையின் கிரியான்சா, அக்கறையில்லாத இன்னொரு ஆலையின் கிரான் ரெசெர்வாவைவிடச் சுவையாக இருப்பது ரியோஹாவில் அன்றாட நிகழ்ச்சி. ஆகவே நிறத்தைப் பார்க்குமுன் ஆலையைப் பார்க்க வேண்டும். ஆலையைப் பார்ப்பது என்றால் பெரும்பாலும் அது மரத்தை எப்படிக் கையாளுகிறது என்பதைப் பார்ப்பதாகும்.

ரியோஹாவில் மரத்துக்கு இவ்வளவு மரியாதை வந்தது பிரான்ஸ் நாட்டுத் தொடர்பால்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லூசியானோ தெ முரியேத்தா போர்தோவில் பயின்றுவந்து நீண்ட பீப்பாய் முதிர்வை இங்கே முயன்றார். 1862இல் ஆலவா மாகாண நிர்வாகம் மெதோக் பகுதியிலிருந்து ஜான் பினோ என்ற ஒயின் நிபுணரை வரவழைத்து, உள்ளூர் விவசாயிகளுக்குப் புதிய முறையைக் கற்பிக்கச் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் ஃபைலாக்செரா என்னும் வேர்ப் பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழிக்கத் தொடங்கவே, சரக்குக்குத் தவித்த போர்தோ வணிகர்கள் மலையைத் தாண்டி எப்ரோ ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஆரோ என்ற சிற்றூருக்கு ரயில் வந்துவிட்டிருந்ததால், பீப்பாய்களை நேரே வண்டியில் ஏற்றும் வசதிக்காக ஆலைகள் ரயில் நிலையத்தைச் சுற்றியே எழுந்தன. 1877இல் லோப்பெஸ் தெ எரேதியா, 1879இல் கூனே, 1890இல் லா ரியோஹா ஆல்தா என்று நிறுவப்பட்ட ஆலைகள் இன்றும் அதே நிலையப் பேட்டையில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகும் தூரத்தில் இயங்குகின்றன. (லா ரியோஹா ஆல்தா என்பது அந்த ஆலையின் பெயர், ரியோஹா ஆல்தா என்பது அது அமைந்திருக்கும் வட்டாரத்தின் பெயர். கடைக்காரரிடம் கேட்கும்போது இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.) பூச்சி 1899இல் ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது, பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் போனார்கள், ஆனால் 225 லிட்டர் பீப்பாய் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அந்தப் பீப்பாய் எந்த மரத்தால் ஆனது என்பதில்தான் இன்றைய ரியோஹா இரண்டாகப் பிரிகிறது. பழைய ஆலைகள் அமெரிக்க ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டன. அந்த மரம் ஒயினுக்கு வெனிலா, முற்றிய தேங்காய், சில சமயம் சோயிக்கீரையின் வாடை ஆகியவற்றைத் தருகிறது. ஆனால் பல ஆண்டுகள் பழகிய பீப்பாய்களில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, வண்டலைக் கழித்துக் கழித்து முதிர்விக்கும்போது அந்த வாசனை அடங்கி, தோல், காய்ந்த செர்ரி, புகையிலை, ஆரஞ்சுத் தோல் என்று வேறொரு வரிசை மேலெழுகிறது. நிறம் வெளுத்துச் செங்கல் வண்ணமாகும், துவர்ப்பு மென்மையாகும், புளிப்பு மட்டும் குன்றாமல் நிற்கும். எண்பதுகளின் இறுதியிலிருந்து எழுந்த புதிய ஆலைகள், 1987இல் அதே நிலையப் பேட்டையில் தொடங்கப்பட்ட ரோடா உட்பட, பெரும்பாலும் பிரெஞ்சு ஓக்கைத் தேர்ந்தெடுத்து, கிராம்பும் தேவதாரு மரமும் கலந்த வாசனையும், அடர்ந்த நிறமும், இறுக்கமான துவர்ப்பும் கொண்ட ஒயின்களைச் செய்தன. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண். ஆனால் முதல் வகையை எதிர்பார்த்து இரண்டாவதையோ, இரண்டாவதை எதிர்பார்த்து முதலாவதையோ வாங்கியவருக்கு ஏமாற்றம் உறுதி. எனக்கு முதல் வகையில்தான் ரியோஹாவின் முகம் தெரிகிறது. பிரெஞ்சு மரத்தில் அடர்த்தியாக முதிர்ந்த நல்ல ஒயினை உலகில் வேறு பல இடங்களிலும் வாங்கலாம், பழைய ஆரோ பாணியை வேறெங்கும் வாங்க முடியாது. கீழே நான் சொல்லும் தீர்ப்புகளில் இந்தச் சாய்வு இருப்பதைப் படிப்பவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பச்சைச் சீட்டு ஒயின்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவான அன்றாடச் சரக்கும், எந்த வகைக்குள்ளும் அடங்க மறுத்த மிக விலையுயர்ந்த ஒயின்களும் ஒரே பச்சையின் கீழ் வருகின்றன என்பதால், இந்த நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. இவற்றில் தனியே தேடத் தக்கது ஒன்று உண்டு: ரியோஹா ஆலவேசா என்ற வட்டாரத்தின் கிராமங்களில் விவசாயிகளே செய்யும் அந்தந்த ஆண்டு ஒயின். பழத்தைக் காம்போடும் குலையோடும் திறந்த தொட்டியில் கொட்டி, குலைகளுக்குள்ளேயே நொதித்தல் தொடங்கவிட்டு, பிறகு மிதித்துப் பிழிகிறார்கள். கருஊதா நிறமும், வாழைப்பழமும் செம்புற்றுப்பழமும் சேர்ந்த மணமும் கொண்ட அந்த ஒயினைச் சற்றுக் குளிரவைத்து, அறுவடைக்கு அடுத்த ஆண்டுக்குள் குடித்துத் தீர்த்துவிட வேண்டும். வாங்கிச் சேமிப்பவருக்கு இதனால் பயனில்லை. அங்கே போயிருக்கும்போது ஒரு கோப்பை குடிக்காமல் வருபவருக்கோ அது நட்டம்.

கிரியான்சாவைப் பொறுத்தவரை, அது ஸ்பானியர்கள் உண்மையில் தினமும் குடிக்கும் ரியோஹா என்பதை மறக்கக் கூடாது. லோக்ரோன்யோவின் லவுரெல் தெருவில் காளான்களை இரும்புத் தகட்டில் பூண்டெண்ணெயோடு சுட்டு, மேலே ஓர் இறாலைக் குத்தி ரொட்டித் துண்டில் வைத்துத் தரும் கடையில், கூடவே கேட்டு வாங்கும் கோப்பையில் பெரும்பாலும் இருப்பது கிரியான்சாதான். பழத்தின் சுவை இன்னும் முன்னால் நிற்கும், மரம் பின்னால் இருந்து தாங்கும். ஸ்பெயினில் ஏறத்தாழ பத்து யூரோவை ஒட்டிய விலைக்கே நம்பத் தகுந்த கிரியான்சா கிடைப்பதால், பாட்டிலை விருந்தினர் முன் வைப்பதற்கும் சமையலறையில் தனியே ஒரு கோப்பை ஊற்றிக்கொள்வதற்கும் இது கூச்சமில்லாத தேர்வு. இதன் குறை என்னவென்றால், பெரிய ஆலைகள் லட்சக்கணக்கான பாட்டில்களாகச் செய்யும் கிரியான்சாக்களில் பல ஒன்றுபோலவே இருக்கின்றன. வெனிலாவும் சிவப்புப் பழமும் கலந்த ஒரு பொதுச் சுவைக்கு மேல் அவற்றில் நினைவில் நிற்பது எதுவுமில்லை. விலக்கும் உண்டு: லோப்பெஸ் தெ எரேதியாவின் குபியோ என்ற ஒயின் சட்டப்படி கிரியான்சா, ஆனால் விதி கேட்கும் ஓராண்டுக்குப் பதிலாக மூன்றாண்டுகள் பீப்பாயில் கிடந்து வருகிறது. பழைய பாணி எப்படி இருக்கும் என்று குறைந்த செலவில் அறிய விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிமுகத்தை நான் அறியேன்.

ரெசெர்வாவில்தான் தேர்வு சிக்கலாகிறது, பலனும் அதிகமாகிறது. விதி கேட்பதோ மூன்றாண்டு. ஆனால் நல்ல ஆலைகள் அந்த விதியைத் தொடக்கமாக மட்டுமே கருதுகின்றன. லோப்பெஸ் தெ எரேதியாவின் வின்யா டொண்டோனியா ரெசெர்வா பீப்பாயிலேயே ஆறாண்டுகள் கழித்து, பிறகு பாட்டிலிலும் பல ஆண்டுகள் உறங்கி, அறுவடையிலிருந்து பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகே கடைக்கு வருகிறது. சட்டம் கிரான் ரெசெர்வாவுக்குக் கேட்பதைப் போல இரு மடங்குக்கு மேலான காலத்தை இந்த ஆலை ரெசெர்வாவுக்கே கொடுக்கிறது என்றால், காத்திருந்ததற்கான வாடகையையும் முதலீட்டின் வட்டியையும் வாங்குபவர் சார்பில் அந்த ஆலையே சுமந்திருக்கிறது என்று பொருள். எரேதியா, மூகா, லா ரியோஹா ஆல்தா ஆகிய மூன்று ஆலைகளும் பீப்பாய்களைத் தாமே செய்துகொள்கின்றன. மூகா இன்றும் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றி ஒயினைத் தெளிவிக்கிறது. இவையெல்லாம் சுற்றுலாப் பயணிக்காக நடத்தும் வேடிக்கை என்று முதலில் எனக்கும் ஐயம் இருந்தது. மூகா ரெசெர்வாவின் சீரான சுவையை அடுத்தடுத்த ஆண்டுகளில் குடித்துப் பார்த்த பிறகு அந்த ஐயத்தைக் கைவிட்டேன்.

ஒரே ஒரு பாட்டில்தான் என்று கட்டாயப்படுத்தினால் நான் எடுப்பது லா ரியோஹா ஆல்தா ஆலையின் வின்யா அர்தான்சா ரெசெர்வா. அதற்கு ஒரு காரணம் உண்டு. ரியோஹாவின் சிவப்புக் கொடிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டெம்ப்ரானியோ. சீக்கிரம் பழுப்பதால் ‘சீக்கிரம்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. தனியே அது நேர்த்தியாக இருக்கும், ஆனால் சற்று மெலிந்த உடம்புக்காரன். ஆகவே பழைய ஆலைகள் அதனோடு சதைப்பற்றுக்குக் கர்னாச்சாவையும், நிறத்துக்கும் புளிப்புக்கும் கிராசியானோ, மசுவேலோ ஆகியவற்றையும் சேர்த்தன. அர்தான்சாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கர்னாச்சா. அது கிழக்கே வெப்பமான வட்டாரத்தில் துதெலியா ஊரை ஒட்டி, கூழாங்கல் நிறைந்த உயரமான தோட்டத்தில் விளைகிறது. மேற்கின் குளிர்ச்சியில் விளைந்த டெம்ப்ரானியோவும் கிழக்கின் வெயிலில் பழுத்த கர்னாச்சாவும் தனித்தனியே அமெரிக்க ஓக்கில் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் முதிர்ந்து பிறகு ஒன்றாகக் கலக்கின்றன. வாயில் வைத்த உடனே உருண்டு நிறைவது கர்னாச்சா. விழுங்கிய பிறகு நீண்டு நிற்பது டெம்ப்ரானியோ. அமெரிக்க மரம், நீண்ட முதிர்வு, இரண்டு வட்டாரக் கலவை என்று ரியோஹா என்ற பகுதி செய்யத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் காட்டுவதாலும், விலை ஒரு நல்ல ரெசெர்வாவின் விலையைத் தாண்டாததாலும் இதை முன்னால் வைக்கிறேன். புதிய பாணிதான் வேண்டும் என்பவர் இதே இடத்தில் ரோடாவின் ரெசெர்வாவை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு வீட்டில் வைத்துத் திறப்பது அதற்கு நல்லது, அர்தான்சாவை வாங்கிய அன்றே திறக்கலாம்.

கிரான் ரெசெர்வா வாங்குபவர் மூன்று நிபந்தனைகளுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, மெலிந்த, வெளுத்த, பழச்சாறு அடங்கிப்போன ஒயினை ரசிக்கும் பழக்கம் வேண்டும். கருமையும் இனிய பழமும் கனமும்தான் விலையின் அடையாளம் என்று நினைப்பவருக்குப் பழைய பாணிக் கிரான் ரெசெர்வா தண்ணீர் கலந்ததுபோலத் தோன்றும். இரண்டாவது, பாட்டில் கடையில் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை வேறொரு நகரத்துக் கடையில், கண்ணாடி அலமாரியில் விளக்கின் நேர் கீழே நிற்கவைத்திருந்த இருபது ஆண்டுப் பழைய கிரான் ரெசெர்வாவை, விலை குறைத்திருக்கிறார்களே என்று வாங்கினேன். வீட்டில் தக்கையை இழுத்தபோது மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. அடிப்பாதி உலர்ந்து தூளாகி ஒயினுக்குள் விழுந்தது. வடிகட்டி ஊற்றியபோது செர்ரியும் தோலும் மணக்க வேண்டிய இடத்தில் நனைந்த அட்டைப் பெட்டியும் காடியும் மணத்தன. படுக்கவைத்து இருட்டில் குளிர்ச்சியில் வைத்திருந்தால் இன்னும் பத்தாண்டு நின்றிருக்கக் கூடிய ஒயின் அது. அன்றிலிருந்து பழைய பாட்டிலை ஆலையிலிருந்தோ, நிலவறை வைத்திருக்கும் கடையிலிருந்தோ தவிர வாங்குவதில்லை.

மூன்றாவது நிபந்தனை பொறுமை. நன்றாகக் காத்த கிரான் ரெசெர்வாவைத் திறப்பது ஒரு சிறு வேலைதான், ஆனால் அவசரத்துக்கு ஆகாது. முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் படியவிட வேண்டும். சில ஆலைகள் பாட்டிலைச் சுற்றி மெல்லிய உலோகக் கம்பி வலை போடுகின்றன. காலியான பாட்டிலில் மட்டமான ஒயினை நிரப்பி விற்ற மோசடிக்காரர்களைத் தடுக்க ஒரு காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது, இன்று அழகுக்காக நீடிக்கிறது. வலையைக் கழுத்தருகே வெட்டி விலக்கி, திருகாணிக்குப் பதில் இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இருபுறமும் செருகி மெதுவாகத் திருகி எடுப்பது பழைய தக்கைக்குப் பாதுகாப்பானது. பிறகு பாட்டிலின் தோளுக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியையோ கைப்பேசி விளக்கையோ வைத்துக்கொண்டு வேறொரு கண்ணாடிக் குடுவையில் ஒரே மூச்சில் சாய்க்க வேண்டும். மை போன்ற கோடு ஒன்று தோளருகே எழும்பிவரும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒயின் வாய் திறக்காது. அரை மணி நேரத்தில் பேசத் தொடங்கும்.

இந்த மூன்றுக்கும் தயாரானவருக்கு, லா ரியோஹா ஆல்தாவின் 904, மூகாவின் பிராதோ எனேயா, கூனேயின் இம்பீரியல் ஆகியவை கொடுத்த பணத்துக்குக் குறையில்லாதவை. இம்பீரியல் கிரான் ரெசெர்வாவின் 2004 அறுவடையை வைன் ஸ்பெக்டேட்டர் என்ற அமெரிக்க இதழ் 2013இல் அந்த ஆண்டின் முதல் ஒயினாக அறிவித்தபோது அதற்குப் பெரிய தேவை எழுந்தது. 2020இல் மார்க்கேஸ் தெ முரியேத்தாவின் காஸ்தியோ இகாய் 2010க்கும் அதே இடம் கிடைத்தது. இப்படிப் பட்டியலில் ஏறிய ஒயினைத் தேடி ஓடுவதைவிட, அதே ஆலையின் அதே தரத்து அடுத்த நல்ல ஆண்டை வாங்குவது புத்திசாலித்தனம். போர்தோவிலோ பர்கண்டியிலோ பதினைந்து வயதான, குடிக்கத் தயாரான ஒயினுக்குக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் ரியோஹாவின் கிரான் ரெசெர்வாக்கள் இன்றும் மலிவு. நான் இவற்றைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் விலை அல்ல. அவை கேட்கும் சூழ்நிலை எல்லா வீட்டிலும் எல்லா நாளும் அமைவதில்லை என்பதுதான்.

நிறச்சீட்டு வரிசைக்கு வெளியே இன்னொரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. காலத்தை மட்டும் அளக்கும் முறையால் மண்ணின் வேறுபாடு மறைந்துபோகிறது என்ற மனக்குறை சிறு உற்பத்தியாளர்களிடம் நெடுநாளாக இருந்தது. ரியோஹா ஆலவேசாவின் புகழ்பெற்ற ஆலைகளில் ஒன்றான அர்தாதி 2015இன் இறுதியில் ரியோஹா என்ற பெயரையே துறந்து வெளியேறியது. அதன்பின் 2017இல் தனித் தோட்ட ஒயின் என்ற வகை அங்கீகாரம் பெற்றது. கொடிகளுக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பழத்தைக் கையால் பறிக்க வேண்டும், சாதாரணமாக ஹெக்டேருக்கு 6,500 கிலோ வரை அனுமதிக்கப்படும் விளைச்சல் இதில் 5,000 கிலோவைத் தாண்டக் கூடாது. ஊர்ப் பெயரையும் வட்டாரப் பெயரையும் லேபிளில் பெரிதாகப் போடவும் வழி பிறந்தது. இவ்வகை ஒயின்களில் மிக அழகானவை உள்ளன, ஆனால் ஒரு தோட்டத்தின் தனித்தன்மையை உணர அதன் அண்டைத் தோட்டங்களின் சுவை நாக்கில் இருக்க வேண்டும். ரியோஹாவை இப்போதுதான் தொடங்குபவர் இதில் செலவழிக்கும் பணத்துக்கு இரண்டு ரெசெர்வாக்களும் ஒரு கிரியான்சாவும் வாங்கி அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

வட்டாரம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கே கந்தாப்ரியா மலைத்தொடர் அட்லாண்டிக் கடலின் மழையையும் குளிரையும் தடுத்து நிறுத்த, அதன் அடிவாரத்தில் சுண்ணாம்பும் களியும் கலந்த மண்ணில் ரியோஹா ஆலவேசா கிடக்கிறது. பெரும்பாலும் ஆற்றின் தென்புறமாக, ஆரோவைச் சுற்றி ரியோஹா ஆல்தா. கிழக்கே மத்தியதரைக் கடலின் வெப்பம் எட்டும் பக்கம் ரியோஹா ஒரியென்தால். இந்தக் கடைசி வட்டாரத்துக்கு முன்பு ‘தாழ்ந்த ரியோஹா’ என்று பொருள்படும் பெயர் இருந்தது. தாழ்ந்த என்பதைத் தரத்தோடு சேர்த்துப் படித்தவர்களால் வந்த அவப்பெயரைத் துடைக்க 2018இல் பெயரை மாற்றினார்கள். மணமும் மென்மையும் வேண்டுபவர் ஆலவேசாவையும், புளிப்பும் ஆயுளும் வேண்டுபவர் ஆல்தாவையும், கர்னாச்சாவின் கதகதப்பு வேண்டுபவர் கிழக்கையும் நாடலாம். பழைய ஆலைகளில் பல மூன்றையும் கலப்பதால் இந்தப் பிரிவு அவற்றுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

அறுவடை ஆண்டைப் பற்றி மிகையாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒழுங்குமுறைக் குழு மிகச் சிறந்தவை என்று மதிப்பிட்ட அண்மை ஆண்டுகளில் 2001, 2004, 2005, 2010, 2011, 2019 ஆகியவை அடங்கும். கிரான் ரெசெர்வாவில் இவற்றைத் தேடுவது பொருளுள்ளது. கிரியான்சாவில் ஆண்டு பார்ப்பது காலவிரயம். இளமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். 2017 ஏப்ரல் இறுதியில் பெய்த உறைபனி பல தோட்டங்களின் துளிர்களை ஓரிரவில் கருக்கியதால் அந்த ஆண்டு விளைச்சல் பெரிதும் குறைந்தது, ஆனால் அந்த ஆண்டின் நல்ல ஆலை ஒயின்கள் மோசமானவை அல்ல.

முடிவில் எது தட்டில் இருக்கப் போகிறது என்பது தேர்வைத் திருத்தி எழுதிவிடும். ரியோஹாவில் குளிர்காலத்தில் வெட்டிய கொடிக் கழிகளைக் கட்டுக் கட்டாகச் சேமித்து, அவற்றை எரித்த தணலில் சிறிய ஆட்டுக்குட்டி விலாத் துண்டுகளை உப்பு மட்டும் தூவிச் சுடுவார்கள். கழி வேகமாக எரிந்து சீக்கிரம் தணலாகும்; இறைச்சி நான்கு நிமிடத்தில் வெந்து கொழுப்பின் ஓரம் மொறுமொறுக்கும். அந்த உப்புக்கும் கொழுப்புக்கும் புகைக்கும் ரெசெர்வாவும் கிரான் ரெசெர்வாவும் அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைகின்றன. நம் மிளகு வறுவலுக்கோ, மிளகாய் தூக்கலான குழம்புக்கோ அதே ஒயினை ஊற்றினால் காரமும் சாராயச் சூடும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு, பத்தாண்டு சேர்ந்த நுண்மணம் அத்தனையும் காணாமல் போகும். அந்தச் சாப்பாட்டுக்குப் பழம் முன்னிற்கும் கிரியான்சாவைக் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பது சரி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழமொழியின் அறை ஐரோப்பாவின் கல்வீட்டு அறை. 16 முதல் 18 பாகை வெப்பம்தான் அங்கே அறை வெப்பம்.

ஊருக்கு எடுத்துவர விரும்புபவருக்கு இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பயணி சுங்கம் இல்லாமல் 2 லிட்டர் மதுவைக் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டிலில் இரண்டு அடங்கும், மூன்றாவது வரம்பை மீறும். அந்த இரண்டு இடங்களில் ஒன்றை நான் அர்தான்சாவுக்குக் கொடுப்பேன். மற்றொன்றில், வீட்டில் ஒயினுக்கென்று குளிர்பெட்டி இருந்தால் டொண்டோனியா ரெசெர்வா. இல்லையென்றால், 30 பாகைக்குக் குறையாத அலமாரியில் அதைப் பூட்டிவைத்துப் பாழாக்காமல், அங்கேயே குடித்துவிட்டு, வந்த மாதத்திலேயே திறந்துவிடக் கூடிய குபியோவைப் பெட்டியில் வைப்பேன், இரண்டு சட்டைகளுக்கு நடுவே, தக்கை கீழ்நோக்கி.